கட்டைவிரல் நீலம்

அந்த அக்காவின் இடது கை நகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். அழகுக்குப் பூசியதல்ல. சுண்டுவிரலில் செங்கல் நிறம், மோதிர விரலில் அதைவிடக் கொஞ்சம் மங்கிய செங்கல் நிறம், நடுவிரலில் இரண்டுக்கும் நடுவே ஒன்று. ஒரே நிறத்தின் அண்ணன் தம்பிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பென்னலூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அக்கா அந்தக் கையை நீட்டி எதன் பக்கத்திலாவது வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். டீக்கடை பெஞ்சு, ஷட்டர், லாரியின் பின்கதவு. ஒரு நாள் நிழலில் படுத்திருந்த செவலை நாயின் முதுகில் வைத்துப் பார்த்தது. நாய் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, நமக்கு ஒன்றும் இல்லை என்பது போல மறுபடி மூடிக்கொண்டது.

நான் அந்த நிறுத்தத்துக்கு வந்த முதல் நாள், அந்தக் கை என் தோளுக்கு வந்தது.

"தம்பி, அசையாத."

நான் அசையவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலைக்குப் போகிறான் பிள்ளை என்று என் அப்பா எடுத்துக் கொடுத்த சட்டை அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். அந்தச் சட்டையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அக்கா ஆள்காட்டி விரலை என் தோள் மேல் வைத்து, வெயிலுக்குத் திருப்பி, நிழலுக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "புதுசா? ஷோக்கா கீது. ஆனா இது ரெண்டு தண்ணிக்கு மேல தாங்காது. அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வூட்டுக்கு அனுப்பிடு."

"நீங்க யாருக்கா?"

"நானா? உங்க கம்பெனிதான். இன்ஸ்பெக்‌ஷன். நீ டிப்ளமோவா?"

ஆமாம் என்றேன். அன்றிலிருந்து நான் டிப்ளமோ. "இன்னா டிப்ளமோ, நாஷ்டா ஆச்சா?" என்றுதான் கூப்பிடும். என் பெயர் அக்காவுக்குக் கடைசி வரை தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை. காரின் இரண்டு பக்கமும் காது மாதிரி கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதன் முதுகில் இருக்கும் மூடியைச் செய்து, காரின் நிறத்துக்கே பெயிண்ட் அடித்து அனுப்புவோம். காருக்கு ஒரு இடத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள், மூடிக்கு இன்னொரு இடத்தில். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது வித்தியாசம் தெரியக் கூடாது. அந்தத் தெரியக் கூடாததற்குக் காவல்தான் அக்கா. கார்க் கம்பெனி கொடுத்த மாதிரித் துண்டு ஒன்று இருக்கும். அதற்கு மாஸ்டர் என்று பெயர். கறுப்புத் துணியில் சுற்றி, அலமாரியில் பூட்டி, சாமி நகை போலப் பாதுகாப்பார்கள். அதை எடுத்து வைத்து, வெயில் போன்ற விளக்கு எரியும் பெட்டிக்குள் ஒவ்வொரு மூடியையும் அக்கா பக்கத்தில் பிடித்துப் பார்க்கும். பிடித்துப் பார்க்காமல் எதையும் சொல்லாது. "ஞாபகத்துல இருக்கிற கலரு பொய் சொல்லும் தம்பி. பக்கத்துல வச்சிப் பாரு."

வீட்டில் அக்காவுக்கு வேறொரு வேலை இருந்தது. நடுவிரல் உயரத்துக்கு மனிதர்கள் செய்யும். குழாய் ஒழுகினால் இரண்டு களியைச் சேர்த்துப் பிசைந்து அடைப்போமே, அந்தக் களியில். ஷேர் ஆட்டோவில் பிதுங்கும் கூட்டம், மண்டபத்தில் பந்திக்கு இடம் பிடிப்பவர்கள், டோல்கேட்டில் சண்டை போடும் டிரைவர். ஸ்ரீபெரும்புதூரில் கொலு வைக்கும் வீடுகளிலிருந்து செட் கேட்டு வருவார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்லும். ஒரு தடவை, போர்டு எழுதுகிறவர் பக்கத்து வீட்டில் இருந்தார் என்றது. ஒரு தடவை, மகளுக்குப் பொம்மை வாங்கித் தராத வீட்டுக்காரர் மேல் கோபத்தில் ஆரம்பித்தேன் என்றது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டும் புளுகு தம்பி" என்று சிரித்தார்.

பிரவுசிங் சென்டரில் ஒரு நாள் தேடிப் பார்த்துவிட்டு வந்து நான்தான் அக்காவிடம் சொன்னேன். இந்த மாதிரி குட்டிப் பொம்மைகளுக்கென்றே வெளிநாட்டில் குட்டிப் பாட்டில்களில் பெயிண்ட் விற்கிறார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நம்பர், பெயர். படங்களை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

அக்கா காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தது. ஒரு பாட்டிலின் மேல் விரலை வைத்து, "இதுக்கு இன்னா பேரு?" என்றது.

"ஸ்கின்னுன்னு போட்டிருக்கான். தோல் கலர்."

"யாரு தோலு?"

அது ரோஜாப்பூவில் பால் கலந்த மாதிரி ஒரு நிறம். அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தது. தன் கையையும் வைத்தது. வீட்டுக்காரர் கையையும் இழுத்து வைத்தது. மூன்றும் மூன்று நிறம், நான்காவது யாருடையதோ. "நம்மளுக்குத் தோலே இல்லன்றான்டா இவன்" என்று சிரித்தது. பிறகு செங்காவியில் கறுப்பைத் துளி விட்டு, சுவருக்கு அடிக்கும் மஞ்சளில் ஒரு குச்சி நுனி அளவு சேர்த்து, என் கழுத்துக்குச் சரியான நிறத்தை ஒரு நகத்தில் கொண்டுவந்தது.

அதுதான் அக்காவின் குணம். எந்தக் கடையில் எந்தப் பெயர் இல்லை என்று சொன்னாலும் அசராது. "எல்லாக் கலரும் எல்லா எடத்துலயும் கீது. வேற பேர்ல, வேற டப்பால கீது. நம்மதான் தேடணும்." தேடுவதற்கு நகம். தண்ணீர்ப் பெயிண்டாக இருந்தால் பூசி, ஊதி, காய்ந்ததும் நேராக அந்தப் பொருளின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம், பிறகு கழுவலாம். காகிதத்தில் பூசினால் காகிதம் நிறத்தைக் குடிக்கும், ஈரத்தில் ஒன்றும் காய்ந்தால் ஒன்றுமாக இருக்கும், கையோடு கூடவும் வராது. இதெல்லாம் அக்கா சொல்லும் காரணம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இந்தக் காரணம் புரியவில்லை. நகப்பூச்சு போட்டு உள்ளே வரக் கூடாது என்று தினமும் நிறுத்துவார். "இது பாலிஷ் இல்லபா, பரீட்சை" என்று சொல்லி, கிளவுசை மாட்டிக்கொண்டு அக்கா உள்ளே போய்விடும்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. அக்கா உள்ளே நுழைந்தாலே கடைக்காரர் முகம் சுருங்கும். மூடியின் மேல் இருக்கிற நிறத்தை நம்பாமல் டப்பாவைத் திறக்கச் சொல்லும். திறந்தால் குச்சியில் தொட்டு நகத்தில் வைக்கும்.

"ஏம்மா, வாங்க வந்தியா, பூசிக்க வந்தியா?"

"பூசிப் பாத்துதான வாங்கணும்? நீ உன் பொண்ணுக்குப் போட்டோ பாத்தே கல்யாணம் பண்ணிட்டியா?"

இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறது. ஊரிலிருந்து அம்மா ஒரு பெண்ணின் போட்டோ அனுப்பியபோது, அறைத் தோழர்கள் எல்லோரும் சூப்பர் சூப்பர் என்றார்கள். அக்கா போட்டோவை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டது. "ஸ்டூடியோ வெளிச்சத்துல நானும் ஷோக்காதான் இருப்பேன். நேர்ல போ. பக்கத்துல நின்னு பேசு. அப்பறம் சொல்லு." போனேன். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அக்காவிடம் வந்து சொன்னதும், "பாத்தியா, நேர்ல பாத்தா அவளுக்கும் தெரிஞ்சிப் போச்சி" என்று பஸ் முழுவதும் கேட்கச் சொல்லிச் சிரித்தது.

அடக்கம் என்பதெல்லாம் அக்காவிடம் கிடையாது. "எங்கண்ணு மாதிரி ஒரு கண்ண இந்தக் கம்பெனி ஆர்டர் குடுத்தாலும் வாங்க முடியாது" என்று மேனேஜர் முன்னாலேயே சொல்லும். அவர் சிரிப்பார். அக்கா ஒரு மூடியைத் தள்ளி வைத்தால் அது தள்ளி வைத்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்கா கான்ட்ராக்ட். லைனில் முன்பாதி பெர்மனென்ட், பின்பாதியில் இருந்த இன்ஸ்பெக்‌ஷனும் பேக்கிங்கும் முழுக்கக் கான்ட்ராக்ட் பெண்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டைதான். கழுத்தில் அட்டை தொங்கும் பட்டையின் நிறம் மட்டும் வேறு. அந்தப் பட்டையையும் மெஷினில் மாட்டும் என்று லைனுக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும். அதனால் வேலை நேரத்தில் யார் எந்தப் பட்டை என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் என்று நினைக்கிறேன். அந்த ஆயுத பூஜைக்குக் குடும்பங்களையும் அழைக்கலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். ஆனால் லைனுக்குள் வெளியாட்களை விட முடியாது. அதனால் ஹெச்.ஆர். சாருக்கு ஒரு யோசனை வந்தது. லைனையே சின்னதாகச் செய்து கேன்டீனில் வைத்துவிடலாம், வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். யார் செய்வது என்ற கேள்விக்கே இடமில்லை. எங்கள் பிளான்ட் ஹெட்டைப் பெரிய சார் என்போம். புனேக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். வீட்டில் குட்டி விமானங்கள் செய்து பெயிண்ட் அடிப்பது அவர் பொழுதுபோக்கு. தன்னிடம் இருந்த வெளிநாட்டுக் குட்டிப் பாட்டில்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினார். நான் காகிதத்தில் அச்செடுத்துக் காட்டியதே நேரில் வந்து நின்றது. அக்கா ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்தது.

டீ இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து அக்கா முன்னால் நிற்பார்கள். நிற்கும் தோரணையைப் பார்த்துக்கொண்டு களியைப் பிசையும். லைன் லீடர் மதுரைக்காரர்.

"யக்கா, தொப்பையக் கொஞ்சம் கொறச்சுப் போடுக்கா. எம் பொண்டாட்டி வர்றா."

"அவங்களுக்குத் தெரியாத தொப்பையா? கொறைக்கணும்னா நீ கொற. நான் இருக்கிறதத்தான் செய்வேன்."

அக்காவின் மகள் அப்போது ஐந்தாவது படித்தாள். அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்பதை அவள் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்திருக்கிறாள், இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். நடுவில் நடப்பது என்ன என்று அந்தப் பூஜை அன்றுதான் தெரியப்போகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணின் அம்மா செய்யாறிலிருந்து வருவதாக இருந்தது. "எம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுக்கா. என்னக் கொஞ்சம் முன்னாடித் தள்ளி நிறுத்துக்கா" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள்.

சட்டை நீலம் அந்தப் பெட்டியில் ஒரே பாட்டில்தான். அதிலும் பாதி உறைந்திருந்தது. அக்கா லைனின் தலையிலிருந்து வரிசையாகப் பூசிக்கொண்டு வந்தது. மூடியை வார்க்கும் மோல்டிங் முடிந்தது, பெயிண்ட் ஷாப் முடிந்தது, அசெம்பிளி முடிந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தபோது பாட்டிலில் குச்சியால் சுரண்டினால் வரும் பொருக்கு மட்டும்தான் இருந்தது. லைனின் வால் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறக் களியாகவே நின்றது. அதில் அக்காவின் பொம்மையும் ஒன்று. புதுப் பாட்டில் வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். பூஜைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஹெச்.ஆர். சார் வந்து குனிந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், அவசரக்காரர். "இதுவே போதும்மா. லைன் மாதிரி நல்லாத் தெரியுது. கடைசி ரெண்டு டேபிள காலியா வச்சிடலாம்."

"காலி டேபிள்ல யாரு சார் பேக்கிங் பண்ணுவா?"

"பொம்மதானேம்மா."

அவர் போய்விட்டார். பேக்கிங் பெண்கள் சுற்றி நின்றார்கள். செய்யாற்றுப் பெண் தன்னுடைய சாம்பல் நிறப் பொம்மையை எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்தாள். அக்கா என் பக்கம் திரும்பியது.

"இன்னா சொல்ட்டுப் போறாரு டிப்ளமோ? மத்தவங்களுக்கெல்லாம் பெயிண்ட் கீதாம், எங்களுக்கு மட்டும் இல்லியாம். இந்த ஸ்ரீபெரும்புதூர்ல நீலமே இல்லாமப் போச்சா?"

அந்த வாரம் அக்காவின் இடது கை முழுக்க நீலம். கேட்டுக்கு அடிக்கும் எனாமலில் நிறம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, ஆனால் கண்ணாடி மாதிரி மின்னியது. "சட்டைக்கு எண்ண தடவின மாதிரி கீது" என்று தள்ளியது. பைக்கில் கீறல் மறைக்கும் குட்டி பாட்டிலும் அதேதான். பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் காய்ந்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. துணியில் பூ வரையும் பெயிண்டில் நீலம் அழகாக இருந்தது, ஆனால் வயலட் பக்கம் சாய்ந்தது. யாரோ ஒரு புத்திசாலி, எனாமலையும் இதையும் கலந்து பார் என்றான். கலந்ததும் பால் திரிந்த மாதிரி திரிந்தது. அக்கா அந்தக் கிண்ணத்தை அவனிடமே கொடுத்து, "நீயே சாப்டு" என்றது.

கடைசியில் கிடைத்த வழி இது. துணிப் பெயிண்டின் நீலம், அதை அடக்கப் போஸ்டர் கறுப்பு, சுவர்ப் பெயிண்டில் நிறம் சேர்க்கும் ட்யூபிலிருந்து பச்சை கொஞ்சம், பிடிமானத்துக்குச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன். அப்போதும் ஏதோ ஒன்று குறைந்தது. அக்கா வீட்டு முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தபோது திடீரென்று நிறுத்திவிட்டு, சொட்டு நீலம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. வேட்டிக்குப் போடும் அதே சொட்டு நீலம்தான். இரண்டு சொட்டு. ஐந்து கம்பெனிச் சரக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில்.

பொம்மைகள் கேன்டீனில்தான் நிற்கப்போகின்றன. அதனால் கேன்டீன் டியூப் லைட் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தது. "எங்க நிக்கப் போவுதோ அந்த வெளிச்சத்துலதான் பாக்கணும்." கட்டைவிரல் நகத்தைப் பெரிய சார் பாட்டில் நீலம் பூசிய பொம்மையின் பக்கத்தில் வைத்தது. நகம் எங்கே முடிகிறது, சட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மதுரைக்காரர் இரண்டு பொம்மைகளைக் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்து, எது எது என்று சொல்ல முடியாமல் திருப்பிக் கொடுத்தார். "யக்கா, நீ கள்ள நோட்டு அடிக்கப் போயிருந்தா நாடு தாங்காதுக்கா" என்றார். அக்கா அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து யாருக்கும் இடம் கொடுக்காமல் வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் காலை. வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது, கேன்டீனில் சாப்பாட்டுக்கே இடம் போதாது என்று பொம்மை லைனை வெளியே கொண்டுவந்து, வாசல் பந்தலுக்கு முன்னால் மேசை போட்டு வைத்துவிட்டார்கள். நல்ல வெயில். நானும் அக்காவும் டீ குடித்துவிட்டு வெளியே வந்தபோதே பத்தடி தூரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பாதிப் பொம்மைகளின் சட்டையில் பச்சை ஓடியது. பின்பாதியில் ஊதா ஓடியது. நடுவில் கோடு கிழித்த மாதிரி. உள்ளே இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தவர்கள் வெளியே வந்ததும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளாக நின்றார்கள்.

ஹெச்.ஆர். சார் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, விளையாட்டாகத்தான் சொன்னார்: "அட, எழுதி வைக்காமலே தெரியுதே, யார் பெர்மனென்ட், யார் கான்ட்ராக்ட்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் உடனே, "பரவால்ல, கடைசி ரெண்டு டேபிள எடுத்து உள்ள வச்சிடலாம். எண்ட்ரன்ஸ்ல இதப் பாத்தா நல்லாருக்காது" என்றார்.

அக்கா கட்டைவிரலை மேசைப் பக்கம் நீட்டிப் பார்த்தது. நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று படித்ததைச் சொன்னேன்.

"அக்கா, உங்க தப்பு இல்ல. கலவை வேறன்னா ஒரு வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியும், இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சிரும். டியூப் லைட்ல சரியா இருந்தது வெயில்ல..."

"அது எனுக்குத் தெரியும் டிப்ளமோ. தெனம் அந்தப் பொட்டிக்குள்ள கண்ண வுட்டுக்கினு நிக்கிறேன். இப்ப இத்த வெயிலுக்குச் சரி பண்ணா, நாளைக்கி மழ வந்து உள்ள தூக்கினு போனா திரும்பப் பிரியும். எந்த வெளிச்சத்துல வச்சாலும் பிரியாம இருக்கணும்னா இன்னா பண்றது?"

என்னைக் கேட்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டது. பிறகு முன்பாதியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தது, பின்பாதியிலிருந்து ஒன்றை எடுத்தது. வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி நேரத்தில் எதை மாஸ்டர் பக்கம் கொண்டுபோவது என்றுதான் அக்கா பார்த்திருக்கிறது. அன்றைக்குத்தான், இங்கே மாஸ்டராக நின்ற பெரிய சார் நீலத்தையே கையில் தூக்கிப் பார்த்தது.

"ஒரே செரட்டைல இருந்து வந்தா எந்த வெளிச்சத்துலயும் ஒண்ணாத்தான் இருக்கும். எல்லாருக்கும் எந்நீலத்த அடிக்கப் போறேன்."

ஹெச்.ஆர். சார் பதறிவிட்டார். "பெரிய சார் குடுத்த இம்போர்ட்டட் பெயிண்ட் மேலயா? யார் கேட்டுப் பண்ற நீ?"

அசெம்பிளிக்காரர் ஒருவரும் முனகினார். "நல்லா இருக்கறத எதுக்கு அழிக்கணும்? வேணும்னா அவங்கள உள்ள வைக்கட்டும்." அக்கா அவர் முன்னால் போய் நின்று, கட்டைவிரலை அவர் சட்டைக் கைமடிப்பின் மேல் வைத்தது. "குனிஞ்சிப் பாரு. இது உன் சட்ட. அது டப்பா நீலம். ஊரு வூட்ல இருந்து வர்றவங்களுக்கு நீ எத்தப் போட்டுக்கினு வேல செய்றன்னு காட்டப் போற?" அவர் குனிந்து பார்த்தார். வெயிலில் அவர் சட்டை, பல தண்ணீர் பார்த்த சட்டை, லேசாக ஊதா ஓடித்தான் இருந்தது.

மதுரைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேசையிலிருந்து தொப்பை வைத்த பொம்மையை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"மொதல்ல எனக்கு அடிக்கா. இந்தத் தொப்பைக்கே ரெண்டு கோட்டு ஆகும். சீக்கிரம்."

அதற்கப்புறம் ஒவ்வொருவராக அவரவர் பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முனகினவர் கடைசியில் வந்தார், ஆனால் வந்தார். ஹெச்.ஆர். சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டார். அவர் அங்கே நிற்காததே அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிரஷ்ஷை அக்கா யாரிடமும் தரவில்லை. பூசியதும் பொம்மையைக் குச்சியில் செருகிக் கொடுக்கும், அதை வாங்கி வெயிலில் பிடிக்க வேண்டியது எங்கள் வேலை. அன்று மதியம் எங்கள் கம்பெனி முற்றத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. மீசை வைத்த ஆட்களெல்லாம் இரண்டு கையிலும் குச்சி ஐஸ் போலப் பொம்மைகளைப் பிடித்துக்கொண்டு, வாயால் ஊதிக்கொண்டு, வரிசையாக நின்றோம். சிரட்டையில் நீலம் குறையும்போதெல்லாம் செய்யாற்றுப் பெண்ணுக்கு மூச்சு நின்றுவிடும். கடைசிப் பொம்மை வரை வந்தது. கடைசி, அக்காவினுடையது.

பூஜை அன்று பூசணிக்காய், பொரி, சந்தனம், மைக்கில் யாரோ பெயர் வாசிக்கும் சத்தம். அக்காவின் மகள் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு தலையிலிருந்து வால் வரை ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தின மேசையில், தலையை இடது பக்கம் சாய்த்து ஒரு மூடியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நிற்கும் பொம்மை. "இது எங்கம்மா!" என்று கத்தினாள். வீட்டிலும் அக்கா அரிசியில் கல் பொறுக்கும்போது அப்படித்தான் தலையைச் சாய்க்கும். செய்யாற்று அம்மாவுக்குக் கண் தெரியவில்லைதான். மகள் அவர் விரலைப் பிடித்து மெதுவாகப் பொம்மையின் மேல் வைத்தாள். "நீலச் சட்டையா?" என்று அந்த அம்மா கேட்டார். "எல்லாருக்கும் அதாம்மா" என்றாள் மகள்.

பெரிய சார் வந்தார். ஹெச்.ஆர். சார் அவருக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு நின்றார். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், தன் பாட்டில் நிறம் அவருக்குத் தெரியாதா?

"இது என் ப்ளூ இல்லை."

"இல்ல சார்."

"எந்த கம்பெனி?"

"ஒரு கம்பெனி இல்ல சார். அஞ்சு கம்பெனி."

"என் ப்ளூவுக்கு மேட்ச் பண்ணீங்களா?"

"மேட்ச் பண்ணல சார். மாத்திட்டேன். எல்லாருக்கும்."

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அன்று பூஜை என்பதால் அவரும் எங்கள் நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார். தன் சட்டைக் கையைத் தானே பொம்மையின் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இந்தக் கலவை எனக்கு வேணும். சொல்வீங்களா?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன் சார்" என்றது அக்கா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பொம்மை லைனை ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்று என்னைவிடப் பெருமையாக அந்த முற்றத்தில் நின்றவர் யாராவது இருந்திருந்தால் அது அக்கா மட்டும்தான்.

அடுத்த ஆண்டு கான்ட்ராக்டர் மாறினார். பின்பாதிப் பெண்கள் பலர் வேறு வேறு தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அக்கா செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்து, குடும்பத்தோடு அங்கே குடிபோனது. போகும்போது, "அங்கயும் நீலம் இருக்கும், வேற பேர்ல" என்று சொல்லிச் சிரித்தது. பிறகு நானும் வேறு வேலைக்கு மாறினேன்.

இந்த வருஷம், சரக்கு வாங்கும் கம்பெனியின் தர ஆய்வாளனாக அதே தொழிற்சாலைக்குப் போனேன். ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டி அங்கேயேதான் இருந்தது. பெரிய சன்னல் வழியாகக் காலை வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. தலையிலிருந்து வால் வரை பார்த்தேன். ஒரே நீலம். இத்தனை வருஷத்தில் வெளுத்தது கூட எல்லோருக்கும் ஒரே அளவாகத்தான் வெளுத்திருந்தது. அதில் யார் பெர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று எந்த ஆய்வாளனும் சொல்ல முடியாது. நானும் ஆய்வாளன்தான்.

தலையைச் சாய்த்து நிற்கும் பொம்மையைத் தேடிக் குனிந்தேன். அப்போதுதான், அத்தனை நாள் பார்த்தும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். மூடியைப் பிடித்திருக்கும் இடது கையில், கட்டைவிரல் நுனியில், கடுகளவு ஒரு புள்ளி. அதுவும் நீலம்தான். ஆனால் லைனில் வேறு எங்கும் இல்லாத, பச்சை ஓடிய நீலம். பாட்டில் அடியில் சுரண்டி எடுத்த அந்தப் பொருக்கு.

பெரிய சாரின் இம்போர்ட்டட் நீலத்தை அக்கா நகத்தில் வைத்துப் பரீட்சை பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இன்னா சார் அவ்ளோ நேரமாப் பாக்கிறீங்க?" என்றார் செக்யூரிட்டி. புதியவர்.

"எங்க அக்கா வேல செஞ்ச லைன் இது" என்றேன்.